சால்வென்ட்டை ஆவியாக்கிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கே.புதூர் பக்கம் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பூவிலிருந்து வாசனை மெழுகு எடுப்பவர்கள், செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள், ஸ்கிரீன் பிரிண்டிங் போடுபவர்கள், பெயிண்ட் கடைக்காரர்கள், புராஜெக்ட் செய்யும் காலேஜ் பிள்ளைகள் என்று பலரும் கையில் ஒரு பாட்டிலோடு வருவார்கள். எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வாங்கிய சால்வென்ட் (மற்றதைக் கரைக்கப் பயன்படும் திரவம்) சுத்தமா, இல்லையா? இதற்கு நாங்கள் முதலில் செய்வது ஆவியாக்கிப் பார்க்கும் சோதனை. செலவு குறைவு, மெஷின் அதிகம் வேண்டாம். ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஏமாறுகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அதனால்தான் அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆவியாக்கிப் பார்ப்பது என்றால் என்ன?

நம்ம ஊர் போர்த் தண்ணீரைப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து வற்றவிட்டால் அடியில் வெள்ளையாகப் படியும். தண்ணீர் போய்விட்டது, அதில் கரைந்திருந்த உப்பு போகவில்லை. சால்வென்ட்டிலும் அதே கதைதான். ஹெக்சேன், அசிட்டோன், ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), எத்தில் அசிட்டேட் எல்லாமே ஆவியாகிப் போகக்கூடிய திரவங்கள். அசிட்டோன் 56 டிகிரியிலும், ஹெக்சேன் 69 டிகிரியிலும், எத்தில் அசிட்டேட் 77 டிகிரியிலும், ஐபிஏ 82 டிகிரியிலும் கொதிக்கும். (இங்கே டிகிரி என்று சொல்வதெல்லாம் செல்சியஸ்.) முழுக்க ஆவியாகிப் போன பிறகு கிண்ணத்தில் எண்ணெய், மெழுகு, துரு, உப்பு, பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்தது என்று ஏதாவது மிச்சம் இருந்தால், அது சால்வென்ட்டோடு சேர்ந்து வந்த அழுக்கு. அந்த மிச்சத்தை எடை போட்டு, 100 மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வதுதான் சோதனை.

கிண்ணத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியென்றால் சால்வென்ட் சுத்தம்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆவியாகாத அழுக்கை மட்டும்தான் இந்தச் சோதனை பிடிக்கும். ஆவியாகிற கலப்படத்தை அது பார்க்கவே பார்க்காது. அசிட்டோனில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாலும் கிண்ணம் பளிச்சென்றுதான் இருக்கும், ஏனென்றால் தண்ணீரும் ஆவியாகிவிடும். ஐபிஏவில் மெத்தனால் கலந்தாலும் அப்படித்தான். மெத்தனால் விஷம், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஆனால் 65 டிகிரியிலேயே கொதித்து, தடமே இல்லாமல் போய்விடும். ஹெக்சேனில் பென்சீன் இருந்தாலும் கிண்ணம் காட்டிக் கொடுக்காது. பென்சீன் ரத்தப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது.

கிண்ணத்தில் மிச்சம் இருந்தால் சால்வென்ட்டில் அழுக்கு இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். மிச்சம் இல்லாவிட்டால் "ஆவியாகாத அழுக்கு இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்று தெரிய அடர்த்தி, கொதிநிலை, தண்ணீர் அளவு பார்க்க வேண்டும். கடைசியில் கேஸ் குரோமட்டோகிராஃபி (கலவையில் உள்ளதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் மெஷின் சோதனை) வரை போக வேண்டியிருக்கும். "ஆவியாக்கிப் பார்த்தோம், ஒன்றுமில்லை, நூறு சதவீதம் பியூர்" என்று சொல்லி விற்பவரிடம் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: தண்ணீர் எவ்வளவு?

லேப் வேண்டாம், கடையிலேயே கண்ணாடியில் சொட்டு விட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். நானே டிரம் வந்ததும் முதலில் அதைத்தான் செய்வேன். ஆனால் "ஒரு சொட்டு விட்டேன், காய்ந்தது, ஒன்றும் தெரியவில்லை" என்பது சோதனை ஆகாது. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. 100 மில்லியில் 5 மில்லிகிராம் அழுக்கு இருக்கிற மோசமான சால்வென்ட்டில்கூட அந்த ஒரு சொட்டுக்குள் 0.0025 மில்லிகிராம்தான் இருக்கும். அது கண்ணில் படாது.

இப்படிச் செய்து பாருங்கள். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சோப்பு போட்டுக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, துணியால் துடைக்காமல் சாய்த்து வைத்துக் காய விடுங்கள். பிறகு ஓரத்தை மட்டும் பிடியுங்கள், நடுவில் விரல் படக்கூடாது. ஒரு சில்லின் நடுவில் ஒரு சொட்டு விட்டு, அது காய்ந்ததும் அதே இடத்தில் அடுத்த சொட்டு. இப்படி 20 சொட்டு. இன்னொரு சில்லைப் பக்கத்திலேயே சும்மா வையுங்கள். முடிந்ததும் இரண்டையும் கறுப்புத் துணிக்கு மேலே வைத்து, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழுகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

சுத்தமாக இருந்தால் இரண்டு சில்லுக்கும் வித்தியாசம் தெரியாது. எண்ணெய் இருந்தால், மழை நாளில் ரோட்டில் பெட்ரோல் சிந்தினது மாதிரி வானவில் நிறம் மின்னும், விரலால் தொட்டால் இழுபடும். உப்போ துருவோ என்றால் ஓரத்தில் வளையம் கட்டும். திரவம் ஓரத்தில்தான் வேகமாகக் காயும். அதனால் கரைந்திருப்பதெல்லாம் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படிகிறது.

ஒரு ஏமாற்றம் இதில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அசிட்டோன் சொட்டு விட்டால் காய்ந்த இடம் பால் போல வெளுக்கும். பலர் அதைக் கண்டு பயந்து டிரம்மைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். அசிட்டோன் வேகமாக ஆவியாகும்போது கண்ணாடியைச் சில்லென்று ஆக்கிவிடும், காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் பனி போலப் படியும். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். மறைந்தால் அது வெறும் ஈரம், மறையாவிட்டால்தான் அழுக்கு.

லேபில் முறையாகச் செய்வது எப்படி?

பெயிண்ட், வார்னிஷ் தொழிலில் பயன்படும் சால்வென்ட்டுகளுக்கு ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் டி1353 என்று ஒரு முறை உண்டு. அதன் அடிப்படை எளிது: 100 மில்லி சால்வென்ட்டை எடை தெரிந்த கிண்ணத்தில் ஆவியாக்கி, 105 டிகிரி ஓவனில் உலர்த்தி, மறுபடி எடை போடுவது. நாங்களும் அதையொட்டித்தான் செய்கிறோம்.

கேட்கச் சுலபம், செய்யும்போதுதான் கை தடுமாறும். ஒரு மில்லிகிராம் என்பது தூள் உப்பின் சில துகள்கள்தான். அந்த அளவுக்குள் தப்பு வராமல் பார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு படியிலும் கவனம் வேண்டும்.

முதலில் கிண்ணம். பீங்கான் கிண்ணமோ கண்ணாடிக் கிண்ணமோ நன்றாகக் கழுவி, கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள போர்த் தண்ணீர் ஒரே ஒரு மில்லி கிண்ணத்தில் நின்று காய்ந்தால் 1 மில்லிகிராம் உப்பு விழும். சால்வென்ட் மேல் பழி போடுவோம், குற்றவாளி குழாய்த் தண்ணீராக இருக்கும். கழுவிய கிண்ணத்தை 105 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வைத்து, இடுக்கியால் எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) அரை மணி நேரம் ஆற விட்டு எடை போட வேண்டும். சூடாக எடை போட்டால் கிண்ணத்தைச் சுற்றி எழும்பும் காற்று தட்டைத் தூக்கிவிடும், எடை குறைவாகக் காட்டும். கையால் தொடக்கூடாது; விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசையே கணக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்து ஆவியாக்குவது. வாட்டர் பாத் (சுடுதண்ணீர்த் தொட்டி) மேல் வைத்து, சால்வென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆவி அமைதியாக எழும்ப வேண்டும், தளதளவென்று கொதிக்கக்கூடாது. கொதித்தால் துளி துளியாகத் தெறித்து, அதோடு அழுக்கும் வெளியே போய்விடும். அழுக்குள்ள சால்வென்ட்டுக்கு நல்ல சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகும். ஹெக்சேனுக்கு இன்னொரு குணம் உண்டு, கிண்ணத்தின் சுவரில் மெல்ல ஏறி விளிம்பைத் தாண்டி வழியும். அப்படி வழிந்த தடம் வெளிப்பக்கம் தெரிந்தால் அந்தச் சோதனையை விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சால்வென்ட் கண்ணுக்குத் தெரியாமல் முழுதும் போன பிறகுதான் ஓவன். ஈரமாக இருக்கும்போது ஓவனில் வைத்தால் உள்ளே ஆவி நிறைந்து வெடிக்கும். ஒரு மணி நேரம் ஓவன், அரை மணி நேரம் டெசிகேட்டர், எடை. மறுபடியும் அரை மணி நேரம் ஓவன், ஆற வைத்து எடை. இரண்டு எடையும் ஒத்துப்போகும் வரை விடக்கூடாது.

ஆடி மாதத்தில் இந்த வேலை எங்களுக்குப் பெரும்பாடு. அம்மியே பறக்கும் காற்றில் கிண்ணத்துக்குள் தூசி விழாமல் இருக்குமா? ஃபியூம் ஹுட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டு) வைத்தாலும் அது உள்ளிழுக்கும் காற்றோடு தூசியும் வரும். அதற்குத்தான் வெற்றுக் கிண்ணம். சோதனைக் கிண்ணத்தோடு கூடவே ஒரு காலிக் கிண்ணத்தையும் அதே நேரம், அதே பாத், அதே ஓவன், அதே டெசிகேட்டர் வழியாகக் கொண்டுபோக வேண்டும். காலிக் கிண்ணத்தின் எடை எவ்வளவு கூடியதோ அதைச் சோதனைக் கிண்ணத்தின் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். வெற்றுக் கிண்ணம் வைக்காத ரிப்போர்ட்டை நான் நம்பமாட்டேன், அது யார் கொடுத்ததாக இருந்தாலும்.

கணக்கு எப்படிப் போடுவது?

ஒரு உதாரணம். காலியாக இருந்தபோது கிண்ணம் 48.2136 கிராம். 100 மில்லி ஹெக்சேனை ஆவியாக்கிய பிறகு 48.2171 கிராம். வித்தியாசம் 0.0035 கிராம், அதாவது 3.5 மில்லிகிராம். கூடவே போன வெற்றுக் கிண்ணத்தின் எடை 0.4 மில்லிகிராம் கூடியிருக்கிறது. அதைக் கழித்தால் 3.1. விடை: 100 மில்லிக்கு 3.1 மில்லிகிராம்.

இதைச் சதவீதத்தில் சொல்ல வேண்டும் என்றால் எடைக்கு மாற்ற வேண்டும். 100 மில்லி ஹெக்சேன் சுமார் 66 கிராம். 66,000 மில்லிகிராமில் 3.1 என்றால் 0.0047 சதவீதம். அசிட்டோன், ஐபிஏ என்றால் 100 மில்லிக்கு சுமார் 79 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் லேபிளில் ஆவியாகாத பொருள் அதிகபட்சம் 0.001 சதவீதம் என்று போட்டிருந்தால், 100 மில்லி அசிட்டோனில் 0.8 மில்லிகிராமுக்கு மேல் மிஞ்சக்கூடாது என்று அர்த்தம்.

நகைக்கடைத் தராசு போதுமா?

தெற்காவணி மூல வீதியில் பார்க்கிற தராசு தங்கத்துக்குப் போதும், இதற்குப் போதாது. நமக்கு 0.1 மில்லிகிராம் வரை காட்டுகிற, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற அனலிட்டிகல் பேலன்ஸ் வேண்டும். 1 மில்லிகிராம் காட்டும் தராசுதான் கையில் இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு: 100 மில்லிக்குப் பதில் ஒரு லிட்டரை அதே கிண்ணத்தில் சிறிது சிறிதாக ஊற்றி ஆவியாக்குங்கள். மிச்சம் பத்து மடங்கு ஆகும், தராசுக்கும் கண்ணில் படும். ஆனால் ஒரு லிட்டர் ஹெக்சேன் ஆவியைக் கையாள நல்ல ஃபியூம் ஹுட் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

மல்லிகைப் பூவிலிருந்து மெழுகு எடுக்கிறோம். ஹெக்சேனை எப்படியும் காய்ச்சி எடுத்துவிடுகிறோமே, அதன் சுத்தம் எங்களுக்கு ஏன்?

உங்களுக்குத்தான் எல்லாரையும்விட முக்கியம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாசனையை வெளிநாட்டு வாசனைத் திரவியக் கம்பெனிக்கு அனுப்பும் வடிவம்தான் நீங்கள் எடுக்கிற மெழுகு. தொழிலில் அதைக் கான்கிரீட் என்கிறீர்கள். பூவை ஹெக்சேனில் ஊற வைத்து, வாசனையும் மெழுகும் அதில் இறங்கிய பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி மீட்டுக்கொள்கிறீர்கள், பாத்திரத்தின் அடியில் கான்கிரீட் தங்குகிறது.

யோசித்துப் பாருங்கள், நான் கிண்ணத்தில் செய்கிற அதே சோதனையைத்தான் நீங்கள் பெரிய பாத்திரத்தில் செய்கிறீர்கள். ஹெக்சேனில் ஆவியாகாத அழுக்கு எது இருந்தாலும் அது எங்கே போகும்? நேராக உங்கள் கான்கிரீட்டுக்குள்.

அளவைப் பாருங்கள். குண்டு மல்லியில் கான்கிரீட் கிடைப்பது ரொம்பக் கொஞ்சம், பூவின் எடையில் ஏறக்குறைய 0.15 சதவீதம். 10 கிலோ பூ போட்டால் 15 கிராம். அந்த 10 கிலோ பூவை இரண்டு மூன்று தடவை முக்கி எடுக்க மொத்தம் 40 லிட்டர் புது ஹெக்சேன் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெக்சேனில் 100 மில்லிக்கு 5 மில்லிகிராம் அழுக்கு இருந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம், 40 லிட்டருக்கு 2 கிராம். 15 கிராம் மல்லிகையோடு 2 கிராம் எண்ணெயும் பிளாஸ்டிக் கசிவும் சேர்ந்து 17 கிராமாக நிற்கிறது. எடை கூடியது என்று சந்தோஷப்படுவீர்கள். வாங்குகிறவர் சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும்போதுதான் விஷயம் தெரியும். ஹெக்சேனில் 100 மில்லிக்கு 1 மில்லிகிராம்தான் இருந்தது என்றால்கூட 0.4 கிராம் சேரும். விடியற்காலையில் பறித்த மொட்டு, மாட்டுத்தாவணியிலோ நிலக்கோட்டையிலோ ஏலம் கேட்டு வாங்கிய காசு, எல்லாம் ஒரு டிரம்மின் அடியழுக்கால் வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

ஒருமுறை காய்ச்சி மீட்ட ஹெக்சேனில் இந்த அழுக்கு குறைவாகவே இருக்கும், ஏனென்றால் முதல் தடவையிலேயே அது கான்கிரீட்டில் தங்கிவிட்டது. அதனால் புது டிரம் வந்ததும் பூ போடாமல், வெறும் ஹெக்சேனை மட்டும் ஒருதரம் காய்ச்சி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். ஒரு நாள் வேலை கூடும். ஆனால் அடியில் என்ன தங்குகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்த நாளைக் கணக்குப் பார்க்க மாட்டீர்கள்.

மணத்தையும் பாருங்கள். 50 மில்லியை ஆவியாக்கிய கிண்ணத்தைச் சூடு ஆறிய பிறகு முகர்ந்தால் ஒன்றும் வரக்கூடாது. மண்ணெண்ணெய் வாடையோ ரப்பர் வாடையோ வந்தால் எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த ஹெக்சேன் பூவுக்கு ஆகாது. இந்த இடத்தில் தராசைவிட மூக்கை நம்பலாம்.

அழுக்கு எங்கிருந்துதான் வருகிறது? கம்பெனியிலேயே கலக்கிறார்களா?

நான் பார்த்தவரை பாதிக்கு மேல் பாத்திரத்தின் கோளாறு. பழைய டிரம்மைச் சரியாகக் கழுவாமல் மறுபடி நிரப்புவது, துருப்பிடித்த அடி, மண்ணெண்ணெய் ஊற்றிய அதே புனல், மூடியில் இருக்கிற ரப்பர் வாஷர். பெயிண்ட் கடையில் டிரம்மிலிருந்து கேனுக்கு மாற்ற வளையும் பிளாஸ்டிக் குழாயை வாயால் உறிஞ்சிப் போடுகிறார்களே, அது இரண்டு விதத்தில் ஆபத்து. உயிருக்கும் ஆபத்து, சால்வென்ட்டுக்கும் கேடு. அந்தக் குழாயை மெத்தென்று வைத்திருப்பது அதில் சேர்த்திருக்கிற எண்ணெய்ப் பொருள்; ஹெக்சேனும் அசிட்டோனும் அதைக் கரைத்து இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் கூடத்திலேயே ஒருமுறை நடந்தது. நன்றாகத் தெரிந்த ஒரு சப்ளையரின் ஹெக்சேன், எப்போதும் 1 மில்லிகிராமுக்குள் வருவது, அன்றைக்கு 18 மில்லிகிராம் காட்டியது. மறுபடி செய்தேன், 17. கிண்ணத்தில் நிறமில்லாத பசை, வாடை இல்லை, விரலில் எண்ணெய் போல வழுக்கியது. சப்ளையருக்கு போன் போட்டுச் சத்தம் போட்டுவிட்டேன். அவர் பொறுமையாக "அண்ணே, எதில் எடுத்தீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், எங்கள் பையன் மாதிரியை எடுக்க மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தி, அது அரை மணி நேரம் டிரம்முக்குள்ளேயே கிடந்திருக்கிறது. கண்ணாடிக் குழாயால் டிரம்மின் வேறு இடத்திலிருந்து எடுத்துப் பார்த்தோம், 0.9. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து ரிசல்ட் மோசமாக வந்தால் முதலில் நாங்கள் எடுத்த விதத்தைத்தான் சந்தேகப்படுவது.

மிஞ்சியதைப் பார்த்து என்ன கலந்தது என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்குச் சொல்லலாம். ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டால் கரைகிறதா? உப்பு. ஃபில்டர் பேப்பரில் ஒற்றினால், வெளிச்சம் ஊடுருவும் கறை விழுந்து மறுநாளும் போகவில்லையா? எண்ணெய் அல்லது மெழுகு. செம்பழுப்புத் தூள் என்றால் துரு. சால்வென்ட் துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகு கிண்ணத்தை நன்றாகச் சூடாக்கினால் கறுத்துக் கரியாகிறது என்றால் ஏதோ கரிமப் பொருள், கறுக்காமல் வெள்ளையாகவே நின்றால் உப்பு வகை.

ஓவனில் வைக்க வைக்க எடை இறங்கிக்கொண்டே போகிறது, நிற்கவே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அங்கே மண்ணெண்ணெய், டீசல் மாதிரி மெதுவாக ஆவியாகிற எண்ணெய் இருக்கலாம். அதைக் காய விட்டுக் காய விட்டு "மிச்சமே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஓவனில் வைப்பதற்கு முன்பு இருந்த எடையையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

செல்போன் போர்டை ஐபிஏவில் கழுவினால் வெள்ளையாகப் படிகிறது. ஐபிஏ மோசமா?

பெரும்பாலும் இல்லை. போர்டில் சால்டரிங் செய்தபோது ஒட்டியிருந்த ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கப் போடும் பசை) கரைந்து, பரவி, காய்ந்ததுதான் அந்த வெள்ளை. அதே ஐபிஏவை மேலே சொன்ன மாதிரி சுத்தமான கண்ணாடிச் சில்லில் 20 சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கே படியாவிட்டால் குற்றம் ஐபிஏவில் இல்லை. புது ஐபிஏவை ஊற்றி இன்னொரு தடவை கழுவுங்கள், பிரஷ்ஷை மாற்றுங்கள்.

உங்களுக்கு உண்மையான தொந்தரவு தண்ணீர். கையில் தேய்க்கும் 70 சதவீத ஐபிஏவை 99 என்று கொடுத்தால் ஆவியாக்கும் சோதனையில் தெரியாது. அதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) இருக்கிறது. நீல மயில்துத்தத்தைப் பொடி செய்து, கிண்ணத்தில் மெதுவாக வறுத்தால் வெள்ளையாகும். ஆறிய பிறகு அந்த வெள்ளைப் பொடியில் கொஞ்சம் ஐபிஏ ஊற்றிக் குலுக்குங்கள். நல்ல அளவு தண்ணீர் இருந்தால் நீலம் திரும்பும். பொடியை மூடி வையுங்கள், காற்று ஈரத்திலேயே நீலமாகிவிடும். விஷம் என்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

தின்னருக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். மரப் பாலீஷ், கார் பெயிண்ட் வேலைக்கு மிச்சம் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் பூச்சில் கண் கண்ணாகக் குழி விழும். பிரஷ் கழுவ மட்டும் என்றால் கவலையில்லை. டர்பென்டைனுக்கு மட்டும் விதிவிலக்கு: பழசான டர்பென்டைன் காற்றுப் பட்டுத் தானே பிசினாகும், யாரும் எதையும் கலக்காமலே மிச்சம் வைக்கும்.

காலேஜில் சாக்ஸ்லெட் (சால்வென்ட்டைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாறு இறக்கும் கண்ணாடிக் கருவி) வைத்து இலைச் சாறு எடுக்கிறோம். எங்களுக்கு இது எதற்கு?

300 மில்லி சால்வென்ட்டில் எடுத்து, ஆவியாக்கி, 90 மில்லிகிராம் சாறு கிடைத்தது என்று எழுதுகிறீர்கள். அந்த சால்வென்ட்டில் 100 மில்லிக்கு 4 மில்லிகிராம் அழுக்கு என்றால், உங்கள் 90இல் 12 இலையிலிருந்து வந்ததே அல்ல. இலை போடாமல் அதே 300 மில்லியை, அதே குழாய், இலை போடும் அதே ஃபில்டர் பேப்பர் கூடு (திம்பிள்) எல்லாம் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அந்த எடையைக் கழியுங்கள். புராஜெக்ட் வைவாவில் கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சாறு கிருமியைக் கொல்கிறது என்று அடுத்து எழுதப்போகிறீர்கள், கொன்றது இலையா சால்வென்ட்டின் அழுக்கா என்று உங்களுக்கே தெரிய வேண்டும்.

ஈதரை இப்படிச் சோதிக்கலாமா?

வேண்டாம். டை எத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டயாக்ஸேன் இந்த மூன்றும் திறந்து வைத்திருந்தால் காற்றோடு சேர்ந்து பெராக்ஸைடு உண்டாக்கும். ஆவியாக்க ஆவியாக்க அந்தப் பெராக்ஸைடு அடியில் செறிந்துகொண்டே வந்து, கிண்ணம் காயும் நேரத்தில் வெடிக்கும். முதலில் பெராக்ஸைடு காகிதத்திலோ பொட்டாசியம் அயோடைடிலோ சோதித்து, இல்லை என்று உறுதியான பிறகு, அனுபவமுள்ளவர் கூட இருந்தால் மட்டும். அலமாரியில் தேதி தெரியாத பழைய ஈதர் பாட்டில் இருந்தால் மூடியைக்கூடத் திருகாதீர்கள், துறைத் தலைவரிடம் (ஹெச்ஓடி) சொல்லுங்கள்.

வீட்டு கேஸ் அடுப்பில், அல்லது இண்டக்‌ஷனில் வைத்துச் செய்யலாமா?

கூடவே கூடாது. ஏன் என்று எண்ணில் சொல்கிறேன். 100 மில்லி ஹெக்சேன், ஒரு டம்ளர்கூட இல்லை, ஆவியானால் ஏறக்குறைய 18 லிட்டர் ஆவி ஆகும். காற்றில் அது 1.1 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். அதாவது அந்த 100 மில்லி, மூன்றடிக்கு நாலடி தரையில் ஐந்தடி உயரம் வரை இருக்கிற காற்று முழுவதையும் பற்ற வைக்கும் கலவையாக மாற்றிவிடும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்குப் போகும். அங்கே சாமி விளக்கு இருக்கலாம், ஃபிரிட்ஜ் இருக்கலாம். தீ அங்கே பிடித்து உங்கள் கிண்ணத்துக்குத் திரும்பி வரும். சுடர் இல்லையே என்று இண்டக்‌ஷனையோ ஹாட் பிளேட்டையோ நம்பாதீர்கள். ஹெக்சேன் ஆவி 225 டிகிரி பக்கம் சூடான இடம் பட்டாலே தானாகப் பற்றும், ஹாட் பிளேட்டின் முகம் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

ஹெக்சேன் ஆவியைத் தினமும் முகர்ந்தால் கை கால் விரல்கள் மரத்துப்போகும், நாளாக நாளாக நடை தளரும். உடம்பில் அது வேறொரு பொருளாக மாறி நரம்பைத் தாக்குகிறது. பூ மெழுகு யூனிட்டில் வேலை பார்க்கும் யாராவது "விரல் நுனி உணர்ச்சி இல்லை" என்று சொன்னால் சர்க்கரை என்று மட்டும் நினைத்துவிடாமல், என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

நாள் கணக்கு வேண்டாம், டிரம் கணக்கு. ஒவ்வொரு புது டிரம்முக்கும் ஒன்று, பாதி காலியாகி ரொம்ப நாள் நின்ற டிரம்முக்கு இன்னொன்று.

உங்களிடம் மாதிரி கொண்டுவர வேண்டுமென்றால் எப்படி எடுப்பது?

குளிர்பான பாட்டில், தண்ணீர் பாட்டில் வேண்டாம். கண்ணாடி பாட்டில், 500 மில்லி, மூடிக்குள் ரப்பர் இல்லாதது. ரப்பர் இருந்தால் வாயில் அலுமினியம் ஃபாயில் சுற்றி மூடுங்கள். அதே சால்வென்ட்டில் கொஞ்சம் ஊற்றி மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். அலசியதைச் சாக்கடையில் விடாமல் கழிவுக் கேனில் சேருங்கள்.

ஒரு பாட்டில் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று டிரம்மின் நடுவிலிருந்து, இன்னொன்று அடியிலிருந்து. டிரம்மை ஒரு ராத்திரி அசைக்காமல் விட்டு, காலையில் நீளக் கண்ணாடிக் குழாயால் எடுங்கள். துரு அடியில்தான் தங்கும். ஹெக்சேனில் தண்ணீர் கரையாது, அதுவும் அடியில்தான் நிற்கும். பாட்டிலில் எடுத்ததும் கீழே தனிக் கோடாகக் கண்ணுக்கே தெரியும். லேபிளில் டிரம் எண், தேதி, எந்தப் பாட்டில் நடு, எந்தப் பாட்டில் அடி என்று பென்சிலால் எழுதுங்கள். பேனா மை என்றால் ஒரு துளி சிந்தியதும் அழிந்துவிடும். பஸ்ஸில் கொண்டுவராதீர்கள், சட்டப்படியும் கூடாது. போன் செய்தால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.